ஐம்பத்தெட்டுக்கு ஐந்து

டர்பனில் இந்தியா அறுபத்தாறு ரன்னுக்குச் சுருண்டதற்கு ஆடுகளமும் காரணமில்லை, பந்து வீசிய டொனால்டும் காரணமில்லை. சாந்தோமில் ஃபிரெட்ரிக் வீட்டுக் கூடத்தில் ராஜகோபாலன் தண்ணீர் குடிக்க எழுந்ததுதான் காரணம் என்று தீர்ப்பாகியிருந்தது. மூன்று பேர் கொண்ட அந்த நீதிமன்றத்தில் குற்றவாளியும் ஒரு நீதிபதி. அவரும் கை தூக்கியிருந்தார்.

"இன்னா தாகம் சாமி உனக்கு? அரை மணி நேரம் தாங்காதா?" என்று கேட்டவர் ஷாஹுல் ஹமீது. லஸ் முனையில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஊருக்கெல்லாம் பார்வையைச் சரிசெய்து கொடுப்பவருக்கு டெஸ்ட் மேட்ச் நாட்களில் மட்டும் தன் கடையே கண்ணில் படாது.

"நம்பாளுங்க நடுங்கினு கீறானுங்கன்னு தெரியுதுல்ல? அப்ப எழுந்தா?"

"தொண்டை வறண்டுது பாய்."

"அவனுங்களுக்கும்தான் வறண்டுச்சு. அவனுங்க கிரீஸை விட்டுப் போனானுங்களா?" என்றார் பாய். பிறகு ஸ்கோரை நினைத்துப் பார்த்து, "போனானுங்கதான்" என்று ஒப்புக்கொண்டார்.

மூன்றாவது நீதிபதி ஃபிரெட்ரிக். பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்துகிறவர். ராஜகோபாலனோடு ஒரே பெஞ்சில் படித்தவர் என்பதால் அவரை இன்னமும் 'டேய் கோபாலா' என்று அழைக்கும் உரிமை பெற்ற ஒரே ஜீவன். கூடத்தின் சட்டத்தை எழுதியவரும் அவர்தான். ஒரு ஜோடி நின்று ஆட ஆரம்பித்துவிட்டால், அந்த நிமிஷத்தில் யார் எப்படி இருந்தார்களோ அப்படியே இருக்க வேண்டும். காலை மடக்கியிருந்தால் மடக்கியபடி. கையில் கடித்த வடை இருந்தால் கடித்தபடி. ஒருமுறை பாய் கண்ணாடியைத் துடைக்கக் கழற்றிய நேரத்தில் ஒரு ஜோடி ஊன்றிக்கொண்டதால், கூட்டத்திலேயே கண்ணாடிக் கடைக்காரர் மட்டும் முழு செஷனையும் மங்கலாகப் பார்த்தார். ஃபிரெட்ரிக்கின் மனைவி ஜொவிட்டா இவர்களைத் தாண்டித் தாண்டித்தான் வீடு பெருக்குவாள்.

ராஜகோபாலன் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் உதவி மேலாளர். ஆபீஸிலும் வீட்டிலும் அவர் சொல்லும் ஜோக்குக்குச் சிரிப்பார்கள். அவர் சொல்லும் வேறு எதற்கும் யாரும் காது கொடுத்ததில்லை. அவர் இல்லாவிட்டால் எதுவும் நிற்காது, இருந்தால் எதுவும் நகராது என்பது அவரைப் பற்றி அவரே சொல்லிக்கொள்ளும் ஜோக். அப்படிப்பட்டவரால் ஒரு தேசமே தோற்றது என்று சொன்னபோது, உள்ளூர அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

டர்பன் முடிந்த அடுத்த சனிக்கிழமை, கேப்டவுன் டெஸ்டின் மூன்றாம் நாள். அன்றைக்கு அவருக்கு வேறு ஒரு வேலை இருந்தது.

அவருடைய ஒரே பெண் மஹதி தரமணியில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தாள். கூட வேலை பார்க்கும் இளம்பரிதியைக் கல்யாணம் செய்துகொள்ள நினைத்தாள். பையன் வேறு சாதி. அவன் அப்பா நெடுஞ்செழியன், ஆதம்பாக்கத்தில் இருக்கும் தமிழாசிரியர். பூணூல் போட்ட வீட்டில் போய்ப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்க முடியாது என்று ஒரு வருஷம் முரண்டு பிடித்தவர். இந்தப் பக்கம் ராஜகோபாலனின் மனைவி ஜலஜா அதே ஒரு வருஷம் மகளோடு சாப்பாட்டு நேரத்தில் மட்டும் பேசினாள். இரண்டு பக்கமும் மஹதிதான் ஓடி ஓடிப் பேசினாள். கடைசியில் நெடுஞ்செழியன் இறங்கி வந்தார். "ஒரு தடவை. உங்க வீடும் வேண்டாம், எங்க வீடும் வேண்டாம். பொது இடத்துல பார்ப்போம். உங்க அப்பா வந்து பேசினா எனக்குப் போதும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். பாண்டி பஜாரில் ஒரு ஓட்டல், ஏ.சி. அறை, நாலு மணி.

"நான் வரலை. தடுக்கவும் மாட்டேன்" என்றாள் ஜலஜா. "நீங்களே போங்கோ. நீங்களே பேசுங்கோ."

காலையில் மஹதி அப்பாவின் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே சொன்னாள்: "அப்பா, ஜோக் அடிக்காதே. அவர் ரொம்ப சீரியஸான மனுஷர். நீ பிரமாதமால்லாம் ஒண்ணும் பேச வேண்டாம். நேரத்துக்கு வந்து உக்காந்தாப் போறும்."

"வந்து உக்கார்றதுல நான் நிபுணன்டி" என்றார் ராஜகோபாலன்.

மஹதி முன்னாலேயே போய்விட்டாள். இவர் மூன்று மணிக்கு ஆட்டோ பிடித்தால் போதும். அதுவரை வீட்டில் ஜலஜாவின் மௌனத்துக்கு எதிரே உட்கார முடியாமல், மயில்கண் வேஷ்டியோடு சாந்தோமுக்கு வந்தார். சும்மா ஸ்கோர் பார்க்க.

ஸ்கோர் பார்க்கும்படியாக இல்லை. தென்னாப்பிரிக்கா ஐந்நூறுக்கு மேல் அடித்து டிக்ளேர் செய்திருந்தது. நம்மவர்கள் வரிசையாக வந்து வரிசையாகப் போனார்கள். ஐம்பத்தெட்டுக்கு ஐந்து.

"எதுக்குடா இவனுங்களை ஃப்ளைட் ஏத்தி அனுப்புறாங்க?" என்றார் ஃபிரெட்ரிக். "இங்கயே சேப்பாக்கத்துல மண்ணக் கிளறி வுட்டு ஆடச் சொன்னா ஆளாளுக்கு நூறு அடிப்பான். அங்க பந்து மூஞ்சிக்கு வந்தா மட்டும் மூஞ்சிய எங்க வச்சுக்கறதுன்னு தெரியல."

"முடிஞ்சுது" என்று எழுந்தார் ராஜகோபாலன். "நான் கிளம்பறேன். இதுக்கு மேல நான் எழுந்தாலும் ஒண்ணுதான், படுத்தாலும் ஒண்ணுதான்."

யாரும் தடுக்கவில்லை. வாசலுக்கு வந்து இடது காலைச் செருப்பில் நுழைத்தார். வலது காலைத் தூக்கும்போது உள்ளே ஃபிரெட்ரிக், "ஆஹா!" என்றார். கழுத்தைத் திருப்பினார். சச்சின் அடித்த பந்து எல்லைக்கு ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த ஓவரில் அசார் மணிக்கட்டைச் சுழற்றினார். அதுவும் ஓடியது. இன்னொன்று. இன்னொன்று.

"சாமி!" பாயின் குரல் மசூதி ஒலிபெருக்கி போல எழும்பியது. "ஆடாத! அப்டியே நில்லு!"

"பாய், எனக்கு நாலு மணிக்கு..."

"தெரியும் நைனா. ஒரே ஒரு ஓவர்."

ராஜகோபாலன் நின்றார். ஒரு காலில் செருப்பு, ஒரு காலில் இல்லை. ஒரு கை கம்பிக்கதவில். இந்தக் கோலத்தில் இந்தியா நூறைத் தாண்டியது. அந்த இரண்டு பேரும் ஆடிய ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஆட்டமே இல்லை, கோபம். டர்பனில் பட்ட அவமானத்துக்கெல்லாம் பதில் சொல்கிற மாதிரி அடித்தார்கள். அடி ஒவ்வொன்றும் தன் கம்பிக்கதவுப் பிடியிலிருந்துதான் புறப்படுகிறது என்று ராஜகோபாலனுக்குத் தோன்றியது. சிரிக்கத்தான் வேண்டும். அவரும் முதலில் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. ஐம்பத்து நாலு வயதில் முதல்முறையாக, அவர் இருப்பதால் ஒன்று நடந்துகொண்டிருந்தது. அதே நேரத்தில் பாண்டி பஜாரில் அவர் இருப்பதால் மட்டுமே நடக்கக்கூடிய இன்னொன்று காத்துக்கொண்டிருந்தது. அவருக்கு அது தெரியாமலில்லை. ஆனால் பாண்டி பஜாரில் ஸ்கோர்போர்டு இல்லை.

கேப்டவுனில் உணவு இடைவேளை வந்தது; இங்கே மணி நாலாகியிருந்தது. ஆட்டம் நின்றது. இப்போதாவது போகலாமே.

"லஞ்சுல போனா கணக்குல வருமா பாய்?" என்று கேட்டார். கேட்டதுதான் தப்பு. போகிறவன் கேட்க மாட்டான்.

கூடத்தில் விவாதம் நடந்தது. ஃபிரெட்ரிக் சட்டத்தை இலகுவாக்கப் பார்த்தார். "பந்து செத்துப்போச்சுடா. இப்பப் போனா தப்பில்ல."

"ஜோடி பிரியலையே வாத்யாரே! அவனுங்க லஞ்சு துன்னாலும் ஜோடியாதான் துன்னுவானுங்க" என்றார் பாய். "சரி, அது அவரு இஷ்டம். டர்பன் மாதிரி ஆச்சுன்னா நான் பொறுப்பில்ல."

அப்போது டெலிபோன் அடித்தது. ஜொவிட்டா எடுத்தாள். ரிசீவரின் வாயைப் பொத்திக்கொண்டு, "அண்ணே, உங்க பொண்ணு. கிளம்பிட்டீங்களான்னு கேக்குது. அவங்கல்லாம் வந்தாச்சாம்" என்றாள்.

டெலிபோன் கூடத்தின் அந்தக் கோடியில் இருந்தது. அதன் ஒயர் வாசல்வரை வராது. பேச வேண்டுமென்றால் இவர்தான் போக வேண்டும். ராஜகோபாலன் ஃபிரெட்ரிக்கைப் பார்த்தார். ஃபிரெட்ரிக் பாயைப் பார்த்தார். பாய் டிவியில் ஓடிய சோப்பு விளம்பரத்தை உற்றுப் பார்த்தார்.

"கிளம்பிட்டேன்னு சொல்லும்மா" என்றார் ராஜகோபாலன்.

ஜொவிட்டா அவருடைய ஒற்றைச் செருப்பைப் பார்த்தாள். "கிளம்பிட்டாரும்மா" என்று சொல்லிவிட்டு போனை வைத்தாள். "ஜெபமாலைல கை வச்சு ஒரு பொய் சொல்லல நானு இத்தினி வருசமா. உங்க மூணு பேருக்காக சொல்றேன்" என்று உள்ளே போனவள், அன்றைக்கு அவர்களுக்குக் காப்பி போடவில்லை.

சச்சின் நூறு. அசார் நூறு. பாயின் கண்ணில் தண்ணீர். கடைசியில் அசார் ரன் அவுட் ஆனார். அந்த ஜோடி இருநூறு ரன்னுக்கும் மேல் சேர்த்திருந்தது. ராஜகோபாலனின் வலது கால் மரத்துப்போய் யாரோ ஒருவருடைய கால் மாதிரி இருந்தது. அதைச் செருப்புக்குள் திணித்துக்கொண்டு தெருவில் ஓடினார்.

ஓட்டலின் ஏ.சி. அறையில் மஹதி மட்டும் இருந்தாள். மேஜைமேல் காலி காப்பி டம்ளர்கள். பக்கத்து நாற்காலியில் வாழை இலையில் கட்டிய பூப்பொட்டலம் ஒன்று, பிரிக்கப்படாமல். பையனின் அம்மா கொண்டுவந்து, திரும்ப எடுத்துப் போகவும் மனமில்லாமல், கொடுக்கவும் மனமில்லாமல் வைத்துவிட்டுப் போனது.

மஹதி நிமிர்ந்தாள். அவர் முகத்தையும் கைகளையும் கால்களையும் அவசரமாகப் பார்த்தாள். "என்னப்பா ஆச்சு? ஆட்டோ எதுலயாவது மோதிடுத்தா?"

அந்தக் குரலில் இருந்தது பயமில்லை, ஆசை. ஒரு சின்னக் காயம், கொஞ்சம் ரத்தம், ஒரு கட்டு. அதிலிருந்து எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம் என்று அவ்வளவு நேரம் அந்தக் குளிரில் உட்கார்ந்து வேண்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ராஜகோபாலனுக்கு வாய் எப்போதும் மூளைக்கு முன்னால் ஓடும்.

"அசார் ரன் அவுட் ஆயிட்டான்" என்றார்.

மஹதிக்கு அது புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு எழுந்து, பூப்பொட்டலத்தை எடுத்துக்கொண்டு, அவரைத் தாண்டி வெளியே போனாள்.

வீட்டில் ஜலஜா எல்லாவற்றையும் கேட்டாள். சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் பூவைப் பிரித்து, வாடியதைக் கிள்ளிப் போட்டு, மிச்சத்தைச் சுவாமி படத்துக்கு வைத்தாள். "நான் வரலைன்னு சொன்னேன், வரலை. நீங்க வரேன்னு சொன்னேளே!" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு தாயும் மகளும் சாப்பாட்டு நேரத்துக்கு வெளியிலும் பேச ஆரம்பித்தார்கள். ராஜகோபாலன் செய்த ஒரே நல்ல காரியம் அது.

கேப்டவுனில் இந்தியா எப்படியும் தோற்றது, அதுவும் இருநூற்று எண்பத்திரண்டு ரன் வித்தியாசத்தில். தொடரும் போனது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் ஆதம்பாக்கம் போனார்கள். ராஜகோபாலன் தனியாகத்தான் போவதாக இருந்தார். "சாட்சி இல்லாமப் போனா எவன்டா நம்புவான் இந்தக் கதைய?" என்று ஃபிரெட்ரிக் கூடவே பஸ் ஏறினார். பாய்க்கு ரம்ஜான் நோன்பு ஆரம்பித்திருந்தது. "தப்பு என்னிதும்தான்" என்று வறண்ட உதட்டோடு அவரும் வந்தார்.

பொங்கலுக்கு வெள்ளையடித்து முடித்த வீடு. சுண்ணாம்பு வாசனை போகவில்லை. நெடுஞ்செழியன் ஒல்லியாக, நிமிர்ந்து இருந்தார். இளம்பரிதி வெளியே போயிருந்தான், அல்லது அனுப்பப்பட்டிருந்தான். "உட்காருங்க" என்றார். ராஜகோபாலன் உட்கார்ந்தார். ஜோக் எதுவும் சொல்லாமல், நடந்ததை நடந்தபடி சொன்னார். டர்பன், தண்ணீர், செருப்பு, கம்பிக்கதவு. சொல்லச் சொல்ல, இதை எந்தப் புத்தியுள்ளவனும் நம்ப மாட்டான் என்று அவருக்கே தெரிந்தது. நடுநடுவே ஃபிரெட்ரிக், "உண்மை சார், நான் பக்கத்துல இருந்தேன்" என்றார்.

நெடுஞ்செழியன் முழுவதையும் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எந்த ஸ்கோர்ல எழுந்தீங்க?"

"ஐம்பத்தெட்டுக்கு அஞ்சு."

"ம்" என்றார். "அது வரைக்கும் நானும் பார்த்தேன்."

மூன்று தலைகளும் நிமிர்ந்தன.

"சார் மேட்ச் பார்ப்பீங்களா?" என்றார் ஃபிரெட்ரிக்.

"நாற்பது வருஷமா. சேப்பாக்கத்துல வெயில்ல கேலரியில உட்கார்ந்து பார்த்தவன் நான்." அவர் முகத்தில் ஏதோ ஒன்று தளர்ந்தது. "தொடக்க ஆட்டக்காரங்கன்னு ரெண்டு பேர் நமக்கு இருக்காங்களா சொல்லுங்க? ஒவ்வொரு டெஸ்டுக்கும் ஒரு புது ஆளைத் தூக்கித் தீயில போடறாங்க."

"அதத்தான் சார் நான் தலபாடா அடிச்சுக்கினு கீறேன்!" பாய் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "பிரசாத்து டர்பன்ல பத்து விக்கெட் எடுத்தான். பத்து! அந்தப் புள்ளைக்கு இன்னா மருவாதி? அறுபத்தாறு."

"பந்து வீசறவன் ஜெயிச்சுக் குடுப்பான், மட்டை பிடிக்கிறவன் தோத்துக் குடுப்பான். வெளிநாட்டுல இதுதான் நம்ம வரலாறு" என்றார் நெடுஞ்செழியன்.

"வரலாறு என் சப்ஜெக்ட் சார், நான் ஒத்துக்க மாட்டேன்" என்று ஃபிரெட்ரிக் சிரித்தார். "எழுபத்தொண்ணுல வெஸ்ட் இண்டீஸ்ல, இங்கிலாந்துல?"

"எழுபத்தொண்ணு! இன்னும் எத்தனை நாளைக்கு அதையே தின்னுக்கிட்டு இருப்பீங்க? எண்பத்தாறுக்கு அப்புறம் ஒரு தொடர் வெளியில போய் ஜெயிச்சோம்னு சொல்லுங்க."

"சிலோன்ல ஜெயிச்சோமே சார், தொண்ணூத்தி மூணுல" என்று ராஜகோபாலன் மெதுவாக நுழைந்தார்.

"ராமேஸ்வரத்துலேர்ந்து பார்த்தாத் தெரியற ஊரெல்லாம் வெளிநாட்டுல சேர்க்காதீங்க" என்றார் நெடுஞ்செழியன்.

எல்லோரும் சிரித்தார்கள். உள்ளேயிருந்து அந்த அம்மாள் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். பாய் நோன்பு என்றதும், "மன்னிக்கணும், தெரியாமப் போச்சு" என்று நெடுஞ்செழியன் தன் தேநீரையும் குடிக்காமல் தள்ளி வைத்தார். அதைப் பார்த்து ராஜகோபாலனின் மனசு நிறைந்தது. இப்படி ஒரு சம்பந்தி! வருஷம் முழுக்க இவரோடு சண்டை போட்டுக்கொண்டே இருக்கலாமே. நாலாவது நாற்காலிக்கு ஃபிரெட்ரிக் வீட்டுக் கூடத்தில் இடம்கூட யோசித்துவிட்டார்.

"அந்த ரெண்டு நூறு மட்டும்..." என்று பாய் கண்ணை மூடினார். "நீங்க பாக்காமப் போய்ட்டீங்களே சார்."

"ஆமாம்" என்றார் நெடுஞ்செழியன். "பார்க்கலை. ஹைலைட்ஸும் போட்டுப் பார்க்கலை. அஞ்சாவது விக்கெட் விழுந்ததும் டிவிய அணைச்சேன். சச்சின் நிக்கிறான், பார்த்துட்டுப் போகலாம்னு பையன் சொன்னான். நாலு மணின்னு வாக்கு குடுத்திருக்கோம், கிளம்புன்னேன்."

அறையில் சுண்ணாம்பு வாசனை திடீரென்று அதிகமான மாதிரி இருந்தது.

அவர் ராஜகோபாலனைப் பார்த்துச் சொன்னார். குரல் உயரவில்லை. "நீங்க சாதி பார்த்துத்தான் வரலைன்னு எங்க வீட்ல எல்லாரும் சொன்னாங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆத்திரமா வந்துச்சு. ஆனா அந்த ஆத்திரத்துல ஒரு கணக்கு இருந்துச்சுங்க. இவர் ஒண்ணை நம்பறார், அதுக்காக நம்மள அவமானப்படுத்தறார்னு. மனுஷன் மாறுவான், பேசிப் பார்க்கலாம்னுகூட நினைச்சேன்."

"அப்படி இல்லவே இல்லை சார், சத்தியமா..."

"இல்லைன்னு இப்பத் தெரியுது. நீங்க சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் நம்பறேன். நானும் அந்தப் பைத்தியம் பிடிச்சவன்தான், எனக்குப் புரியும். நம்பறதாலதான் கஷ்டமா இருக்கு. எங்க மேல உங்களுக்கு வெறுப்புகூட இல்லை. நாங்க உங்க நினைப்புலயே இல்லை. உங்க பொண்ணு அங்க எங்க எதிர்ல தலையைக் குனிஞ்சு உட்கார்ந்திருந்துச்சு. 'கிளம்பிட்டார், இதோ வந்துடுவார்'னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. அது பாவம், எனக்கே தாங்கலை. அது உங்களுக்கு ஒரு ஓவருக்குச் சமமா இல்லையேங்க. நாளைக்கு என் பையனுக்கு ஒண்ணுன்னா எப்படி வருவீங்க?"

பாய் தரையைப் பார்த்தார். ஃபிரெட்ரிக் சாட்சிக் கூண்டிலிருந்து இறங்க வழி தெரியாதவர் போல எழுந்து நின்றார்.

"தேநீர் ஆறிடுச்சு, குடிச்சிட்டுப் போங்க" என்றார் நெடுஞ்செழியன்.

ராஜகோபாலன் குடித்தார். அதற்குப் பிறகு இளம்பரிதியும் அப்பாவின் பேச்சைத் தாண்டவில்லை. 'கொஞ்ச நாள் போகட்டும்' என்று மஹதியிடம் சொன்னானாம். அவள் அவனிடம் சண்டை போடவில்லை. "ஒருத்தருக்காகக் காத்துண்டு உக்கார்றது எனக்குப் போறும்" என்று அம்மாவிடம் மட்டும் சொன்னாள். பெங்களூர்ப் பிரிவுக்கு மாற்றல் கேட்டாள், உடனே கிடைத்தது.

அவள் கிளம்பியது ஜோஹானஸ்பர்க் டெஸ்டின் கடைசி நாள். மூன்று டெஸ்டிலும் சேர்த்து முதல்முறையாக இந்தியா ஜெயிக்கும் நிலையில் இருந்தது. ராஜகோபாலன் டிவி இருக்கும் பக்கமே போகவில்லை. ஜலஜா வாசலோடு நின்றுகொள்ள, அவரே மகளின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சென்ட்ரலுக்கு வந்தார். அவ்வளவு சீக்கிரம் வந்ததால் ரயில்கூட இன்னும் பிளாட்பாரத்துக்கு வந்திருக்கவில்லை. மஹதி அதைப் பார்த்தாள்.

ரயில் வந்து, அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். இவர் வெளியே நின்றார். பக்கத்துத் தூண் அடியில் நாலைந்து பேர் ஒரு டிரான்சிஸ்டரைச் சுற்றிக் குனிந்திருந்தார்கள்.

"மஹதி, நான் இன்னொரு தடவை அவர்கிட்ட போய்..."

"வேண்டாம்ப்பா."

"அவர் நல்ல மனுஷர்டி."

"அது எனக்கு அன்னிக்கே தெரியும். நீ வந்திருந்தா உனக்கும் தெரிஞ்சிருக்கும்."

தூணடியில் ஒரு கூச்சல். "அவனுங்களுக்கு இன்னொண்ணு போச்சுடா!" டிரான்சிஸ்டர்காரர் வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டு நிமிர்ந்தார். சுற்றும் பார்த்தார். ராஜகோபாலனைக் கண்டுபிடித்தார்.

"சார்! நீங்க அங்க வந்து நின்னப்புறம்தான் சார் மடமடன்னு விழுது. ஆடாதீங்க சார். கொஞ்சம் அப்டியே நில்லுங்க, புண்ணியமாப் போகும்."

மஹதிக்கு அது கேட்டது. அப்பாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். சிரிப்பின் ஓரம்தான் இருந்தது, அவருடைய சிரிப்பு, அவரிடமிருந்து அவளுக்கு வந்தது. "நில்லுப்பா" என்றாள். "பாவம், கேக்கறார்."

ரயில் நகர்ந்தது.

ராஜகோபாலனும் நகர்ந்தார். ஜன்னல் கம்பியில் ஒரு கையை வைத்துக்கொண்டு கூடவே நடந்தார். பின்னால், "சார்! சார்! எங்க போறீங்க?" என்று டிரான்சிஸ்டர்காரர் நிஜமான வலியோடு கத்தினார். ரயில் வேகமெடுத்தது. வேஷ்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இவரும் ஓடினார். "போறும்ப்பா, விழுந்துடப் போறே" என்று மஹதி அவர் விரல்களைக் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். பிளாட்பாரம் சரிந்து முடிகிற இடம்வரை ஓடினார். மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது கடைசிப் பெட்டி போய்க்கொண்டிருந்தது.

திரும்பி வரும்போது தூணடியில் கூட்டம் கலைந்திருந்தது. டிரான்சிஸ்டர்காரர் மட்டும் இருந்தார்.

"மழை சார்" என்றார், குற்றம்சாட்டும் குரலில். "நிறுத்திட்டானுங்க."

அன்று மாலை முழுதும் மழையும், மழைக்குப் பின் ஆட்டமும், கடைசியில் வெளிச்சக் குறைவும். தென்னாப்பிரிக்காவுக்கு எட்டு விக்கெட் விழுந்தது, மிச்சம் இரண்டு விழவில்லை. டிரா. ராஜகோபாலன் சாந்தோமுக்குப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. நோன்பு திறந்த தெம்பில் பாயும், தெம்பே இல்லாமல் ஃபிரெட்ரிக்கும் காரணம் தேடிக்கொண்டிருந்தார்கள். டிக்ளேர் செய்ய லேட்டு. கடைசி ஸ்பெல்லில் ஆளை மாற்றியிருக்கணும். வெளிச்சம். மழை.

"மழையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல" என்றார் பாய். "மடமடன்னு வுழுந்துகினு இருந்திச்சு. அப்பதான் எவனோ ஒருத்தன் எங்கியோ எழுந்து போயிருக்கான் வாத்யாரே. அந்தப் படுபாவி மட்டும் என் கைல கெடச்சான்..."

"எவனா இருந்தாலும் அவனுக்கு ஏதாவது அவசரம் இருந்திருக்கும் பாய்" என்றார் ராஜகோபாலன்.

"இன்னா பெரிய அவசரம்?"

டர்பனுக்குக் கை தூக்கியவர் இதற்குக் கை தூக்கவில்லை. தொண்டை வறண்டிருந்தது. தண்ணீர் குடிக்க எழுந்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. டிவியை அணைத்துவிட்டிருந்தார்கள்.